இடிபடுவதற்கு முன் ஒரு சாள் அறையைப் பதிவுசெய்யும் முறை

மும்பையில் லால்பாக், பரேல், லோயர் பரேல், வொர்லி, நாய்காவ், செவ்ரி என்று நீளும் பகுதியை மராத்தியர்கள் இன்றும் கிரண்காவ் என்றே சொல்கிறார்கள். கிர்ணி என்றால் ஆலை, காவ் என்றால் ஊர். காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் தார்தேவில் பஞ்சாலை நிறுவனம் தொடங்கியது முதல், 1982 ஜனவரி 18 அன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது வரை, அந்த ஊருக்குச் சோறு போட்டது பஞ்சுதான். ஆலைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றில் உழைத்தவர்கள் குடியிருந்த, நீண்ட நடையை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள் அமைந்த, சாள் என்னும் கட்டடங்களும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய 207 பி.டி.டி. சாள்களின் இடத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் 500 சதுர அடி வீடுகளின் சாவியைப் பெற்றுக்கொண்டன. 160 சதுர அடியில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அது என்றோ கிடைத்திருக்க வேண்டிய வீடு. ஆகவே இடிப்பதைத் தடுப்பது இந்த வழிகாட்டியின் நோக்கம் அன்று. பழைய அறையின் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அந்த அறையில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பதிவுசெய்துவிட வேண்டும் என்பதே நோக்கம். இதற்குக் கட்டடக் கலைப் படிப்பு தேவையில்லை. ஓர் எஃகு அளவு நாடா, பென்சில், சில வெள்ளைத் தாள்கள், பேச்சைப் பதிவுசெய்யும் கைபேசி, இவற்றோடு நான்கைந்து மாலைப்பொழுதுகளை ஒதுக்கும் மனம் இருந்தால் போதும்.

நான் முதன்முதலில் வரைந்த அறைப்படம் அளவில் துல்லியமானது. கதவு, சன்னல், சுவரின் தடிமன் எல்லாம் அதில் சரியாக இருந்தன. அதை அந்த அறையில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்த மூதாட்டியிடம் காட்டியபோது, தாம் படுத்த இடம் இதில் எங்கே என்று அவர் கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை, ஏனெனில் அந்தப் படத்தில் ஆளே இல்லை. சாள் அறையில் இடம் என்பது நேரத்தோடு சேர்ந்தது. காலை ஆறு மணிக்குச் சமையல் கட்டாக இருந்த மூலை பத்து மணிக்குப் பிள்ளைகள் எழுதும் மேசையாகும். நள்ளிரவில் வேலை முடித்து வந்தவருக்கு அதுவே படுக்கையாகும். ஆகவே அறையை ஒருமுறை வரைந்தால் போதாது, ஒரு நாளின் வெவ்வேறு வேளைகளுக்குத் தனித்தனியாக வரைய வேண்டும். கீழே சொல்லப்படும் முறை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான்.

எந்த வகைச் சாள் என்பதை முதலில் அறிதல்

அளவு நாடாவை எடுப்பதற்கு முன், அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியார் நில உரிமையாளர்கள் வாடகை வருமானத்துக்காகக் கட்டியவை ஒரு வகை. ஆலை நிர்வாகங்கள் தம் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை மற்றொரு வகை. 1896இல் மாண்ட்வியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டு நகரமே வெறிச்சோடிப்போன பிறகு, 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டியவை பி.ஐ.டி. சாள்கள். பரேலில் இருந்த அத்தகைய ஒரு சாளில்தான் அம்பேத்கர், 1930களின் தொடக்கத்தில் தாதரில் ராஜகிருகம் கட்டிக் குடிபோகும் வரையில், பல ஆண்டுகள் வாழ்ந்தார். அடுத்து வந்தவை பி.டி.டி. சாள்கள். கவர்னர் ஜார்ஜ் லாய்ட் காலத்தில், 1920இல், ஐம்பதாயிரம் அறைகள் கட்டுவதாகத் தொடங்கிய அந்தத் திட்டம் பதினாறாயிரத்துச் சொச்சம் அறைகளோடு நின்றுபோனது.

இந்த வேறுபாடு வெறும் தகவல் அன்று, உங்கள் கேள்விகளையே அது மாற்றிவிடும். பழைய தனியார் சாள்களில் அறைகளுக்கு முன்னால் திறந்த நடை ஒன்று ஓடும். அதைக் குடியிருப்போர் கேலரி என்பார்கள். பி.டி.டி. சாளிலோ நடை கட்டடத்தின் நடுவே போகிறது. தரைத்தளத்தோடு மூன்று மாடிகள், தளத்துக்கு இருபது அறைகள், ஆக மொத்தம் எண்பது அறைகள், இருபுறமும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் கதவுகள். திறந்த கேலரியில் வெளிச்சமும் காற்றும் தெருவின் சத்தமும் வரும்; நடுநடையில் எதிர்வீட்டு அடுப்பின் புகை வரும். முன்னதில் யார் எங்கே உட்கார்ந்து தெருவைப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். பின்னதில் கதவை எந்நேரம் திறந்து வைத்தார்கள், எப்போது சாத்தினார்கள் என்று கேட்க வேண்டும். தொடக்கத்தில் வாடகையும் கட்டடத்தின் அமைப்பும் பிடிக்காமல் தொழிலாளர்கள் பி.டி.டி. சாள்களுக்கு வரத் தயங்கினார்கள். பல அறைகள் நெடுங்காலம் காலியாகக் கிடந்தன. எனவே அந்தக் குடும்பம் எந்த ஆண்டு குடிவந்தது, அதற்கு முன் எங்கே இருந்தது, ஏன் மாறியது என்பவை விடக்கூடாத கேள்விகள்.

அனுமதி பெறுதல்

வயதான பெண்களை மாவ்ஷி என்றும், இன்னும் மூத்தவர்களை ஆஜி என்றும், ஆண்களை காகா அல்லது ஆஜோபா என்றும் விளித்துப் பேசுங்கள். மராத்தி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அரைகுறை இந்தியில் கேட்டால் அரைகுறை விடையே கிடைக்கும். தாராவியிலோ அதைச் சுற்றிய பகுதிகளிலோ, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்களின் வீட்டைப் பதிவுசெய்வதாக இருந்தால் மொழித் தடை இருக்காது. ஆனால் நெருங்கிய மொழியில் பேசும்போது நாமே விடையை ஊகித்துக்கொண்டு கேள்வியை விட்டுவிடும் ஆபத்து உண்டு. ஆச்சி பானையை எங்கே வைத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுபோல் தோன்றினாலும் கேட்டே எழுதுங்கள்.

மறுகட்டுமானம் நடக்கும் இடத்தில் ஒவ்வொரு காகிதமும் ஒரு வீட்டின் விலை என்பதை மறக்கக்கூடாது. வாடகை ரசீதில் ஒருவர் பெயர் இருக்கும், குடியிருப்பவர் மற்றொருவராக இருப்பார். பங்காளிகளுக்குள் பேசி முடிக்காத கணக்கும் இருக்கும். ஆகவே முதல் நாளில் யார் பெயரில் வீடு, எத்தனை பேர் உள்வாடகைக்கு இருந்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பதிவு எதற்காக, அது யார் கையில் இருக்கும், எதை வெளியிடுவீர்கள், எதை வெளியிட மாட்டீர்கள் என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். வெளியிடும் படத்தில் அறை எண்ணும் பெயரும் வேண்டாம். அன்றைக்கு அளவு நாடாவைப் பையிலேயே வைத்திருந்து, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினாலும் அது வீணான நாள் அன்று.

அளந்து வரைதல்

அடி, அங்குலத்திலேயே அளவெடுங்கள். பத்துக்குப் பதினாறு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு மீட்டர் கணக்கில் எழுதிய படம் அந்நியமாக இருக்கும். அவர்கள் படத்தைத் திருத்த வேண்டும் என்பதால் இது முக்கியம். வரையும் அளவை இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பத்துக்குப் பதினாறு அடி அறை தாளில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டருக்கு 24 சென்டிமீட்டர் ஆகி, ஒரே ஏ4 தாளில் அடங்கிவிடும். முதலில் நான்கு சுவர்களையும், பின்னர் குறுக்கு மூலைகள் இரண்டையும் அளந்துகொண்டால் அறை கோணலாக இருப்பது தெரியவரும்; பழைய கட்டடங்களில் பெரும்பாலும் கோணல் இருக்கும்.

தரைப்படத்தோடு நிறுத்திவிடுவது பெரிய குறை. சாள் அறை உயரத்தில்தான் வளர்ந்தது. கூரைக்கும் தலைக்கும் இடையே பலகை போட்டு அமைத்த பரணை மராத்தியில் போட்மாளா என்பார்கள். பாத்திரங்களும் கோணிகளும் மட்டுமல்லாமல், படிக்கும் மகனும் புதிதாக மணமான தம்பதியும் அங்கே இடம் பெற்றார்கள். எனவே அறையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்ததுபோல் ஒரு குறுக்குப்படம் வரைந்து, பரணின் உயரத்தையும், அதன்மேல் உட்கார்ந்தால் தலை இடிக்குமா என்பதையும், ஏணி எங்கே சாய்ந்திருந்தது என்பதையும் குறியுங்கள். கட்டிலின் உயரத்தையும் அளக்க வேண்டும். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தால், அதன் அடியில் பெட்டி இருந்ததா, ஆள் படுத்தாரா என்று கேளுங்கள்.

மூலையில் சிறு திண்டு கட்டி, தண்ணீர் வெளியேற வழிவிட்ட குளியல், கழுவல் இடத்துக்கு மோரி என்று பெயர். அது கட்டும்போதே இருந்ததா, குடிவந்தவர்கள் பின்னர் அமைத்துக்கொண்டதா என்பதை விசாரியுங்கள். ஒரு திரைச்சீலை, அல்லது ஆண்கள் அனைவரும் வெளியே போயிருக்கும் அரைமணி நேரம், இந்த இரண்டில் ஒன்றுதான் பெண்களுக்குக் குளிக்கும் மறைவாக இருந்தது. திரைச்சீலைக்கான ஆணிகள் இன்னும் சுவரில் இருக்கலாம். ஆணிகள், தொட்டில் கொக்கி, சாமிப்படம் இருந்த இடத்தில் வெளிறிய சதுரம், அடுப்புக்கு மேலே படிந்த கரி, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் தெரியும் பழைய வண்ணங்கள் என்று சுவரில் காண்பதையெல்லாம் எண்ணிட்டுக் குறித்துவிட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் தனியே கேளுங்கள். என் அனுபவத்தில், உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் வராத பேச்சு, இந்த ஆணி எதற்கு என்று கேட்டால் வந்துவிடுகிறது.

காகிதத் துண்டுகளை வைத்து இரவை வரைதல்

இந்த முறையின் இதயம் இதுதான். மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். ஒருவர் படுக்க ஆறடிக்கு இரண்டடி, அதாவது 12 சதுர அடி வேண்டும். இருபதுக்கு ஒன்று என்ற அளவில் அது 9 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட காகிதத் துண்டு. அப்படிப் பன்னிரண்டு துண்டுகளையும், பிள்ளைகளுக்காகக் குட்டையான துண்டுகள் சிலவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். கட்டில், அலமாரி, தண்ணீர்ப் பீப்பாய், அடுப்பு ஆகியவற்றுக்கும் அதே அளவில் துண்டுகள் வேண்டும். பின்னர் ஒரு குறிப்பிட்ட ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். "அந்தக் காலத்தில்" என்று பொதுவாகக் கேட்டால் நினைவுகள் ஒன்றோடொன்று குழம்பும். மூத்த மகள் பிறந்த ஆண்டு, தம்பி ஊரிலிருந்து வேலை தேடி வந்த ஆண்டு, வேலைநிறுத்தத்துக்கு முந்தைய ஆண்டு என்று குடும்பத்துக்குள்ளிருந்தே ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் அறையில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் ஒவ்வொரு துண்டில் எழுதி, அவற்றை வீட்டின் மூத்த பெண்ணிடம் கொடுத்து, இரவு பதினொரு மணிக்கு யார் எங்கே படுத்தார்கள் என்று அவரையே வைக்கச் சொல்லுங்கள்.

கணக்கு அங்கேயே கண்ணுக்குத் தெரியும். 160 சதுர அடியில் மோரி, அடுப்பு, அலமாரி, கட்டில் எல்லாம் சேர்ந்து 50 சதுர அடியை எடுத்துக்கொண்டால் மீதி 110. அதில் ஒன்பது பேர் படுத்தால் நடக்க ஓரடி இடமும் மிஞ்சாது. ஒன்பதாவது துண்டை வைக்கும்போது துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்போது அவர் கை நின்று, நினைவு வேலைசெய்யத் தொடங்கும். மாமனார் கேலரியில் படுத்தார், மைத்துனன் மழைக்காலத்தில் மாடிப்படி முகப்பில் படுத்தான், கோடையில் ஆண்கள் அனைவரும் நடைபாதைக்கோ மொட்டைமாடிக்கோ போனார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். துண்டுகளைத் தாளுக்கு வெளியே வைக்க அனுமதியுங்கள். வெளியே போன துண்டுகள்தான் நகரத்தின் குடியிருப்புக் கதையைச் சொல்கின்றன. யார் வெளியே போனார், யார் ஒருபோதும் வெளியே போக முடியவில்லை என்பதைப் பாருங்கள். மழை நாளுக்கு ஒரு படம், கோடை நாளுக்கு ஒரு படம், பேறுகாலம் நடந்த வாரத்துக்கு ஒரு படம் என்று துண்டுகளை நகர்த்தி, ஒவ்வொரு அமைப்பையும் மேலிருந்து ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நேரத்தை நகர்த்துங்கள். மூன்று ஷிப்டு வந்த காலத்தில் பொதுவாகக் காலை ஏழு மணியளவில் ஒன்று, பிற்பகல் மூன்றரைக்கு ஒன்று, நள்ளிரவில் ஒன்று என்று ஆட்கள் மாறினார்கள். ஆலைச் சங்குக்கு மராத்தியில் போங்கா என்று பெயர். கடிகாரம் இல்லாத வீட்டிலும் அது ஒலித்தது. எனவே மணிக்கணக்கில் கேட்பதைவிட, முதல் போங்காவுக்கு யார் எழுந்தார், அதற்கு முன்பே எழுந்தவர் யார் என்று கேட்டால் விடை தெளிவாக வரும். அதற்கு முன்பே எழுந்தவர் ஏறக்குறைய எப்போதும் ஒரு பெண்ணாகவே இருப்பார்; தண்ணீர் வரும் நேரம், அடுப்பு மூட்டும் நேரம், டப்பா கட்டும் நேரம் அனைத்தும் போங்காவுக்கு முந்தியவை. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வந்த ஆண், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் அந்த நெரிசலில் எங்கே படுத்தார், அவருக்காக யாரெல்லாம் வெளியே இருந்தார்கள், பகலில் கைக்குழந்தை அழுதால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். காலை 5, காலை 9, பிற்பகல் 1, மாலை 5, இரவு 11, இரவு 2 ஆகிய ஆறு வேளைகளுக்கு ஆறு படம் கிடைத்தால் ஒரு முழு நாள் உங்கள் கையில் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. குழந்தைகளைப் பற்றிய சில விடைகள் சொல்பவருக்கு வலி தரக்கூடியவை. வேலைக்குப் போன தாய்மார்கள் பிள்ளை உறங்குவதற்காக அபின் கலந்த சிறு உருண்டைகள் கொடுத்ததை 1920களிலேயே மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பால் கோலி, அதாவது குழந்தை உருண்டை, என்று அவற்றுக்குப் பெயர். நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் நின்ற தாய்க்கு வேறு வழி வைக்கப்படவில்லை. இதை நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், குற்றம் சாட்டும் சொல் ஒன்றையும் குறிப்பில் எழுதாதீர்கள்.

சுவருக்கு வெளியே நீண்ட அறை

நடை, தண்ணீர்க் குழாய், கழிப்பிடம், மாடிப்படி ஆகிய நான்கையும் அறையின் பகுதிகளாகவே எண்ணி அளந்துகொள்ளுங்கள். கதவிலிருந்து குழாய்க்கு எத்தனை அடி, கழிப்பிடத்துக்கு எத்தனை அடி, ஒரு கழிப்பிடத்தை எத்தனை அறைகள் பகிர்ந்தன, வரிசையில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பவை எண்களாகவே வேண்டும். கணேசோற்சவத்துக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கும் முற்றம் எப்படி மாறியது என்பதைப் பலரும் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். லால்பாக்கில் 1934 முதல் வைக்கப்படும் கணபதியைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டதால், நீங்கள் குழாயடி வரிசைக்கு அதிக நேரம் கொடுங்கள்.

கானாவள் என்பதை விட்டுவிடாதீர்கள். கொங்கணத்திலிருந்தும் சாதாராவிலிருந்தும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்களுக்கு, சாளில் இருந்த பெண்கள் மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். அறை ஒன்றில் குடும்பம் படுத்த அதே தரையில், வேளைக்குப் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக அமர்ந்து சாப்பிட்டுப் போனார்கள். இப்படிச் சமைத்த பெண்களை ஒன்றுசேர்த்து, கந்துவட்டியிலிருந்து மீட்டு வங்கிக் கடன் பெற வழிசெய்த அன்னபூர்ணா மகிளா மண்டலை 1975இல் பிரேமா புரவ் தொடங்கினார். அந்தப் பெண்களின் உழைப்பு எந்த ஆலையின் சம்பளப் பட்டியலிலும் வராது. எத்தனை பேருக்குச் சமைத்தார், மாதத் தொகை எவ்வளவு, பாக்கிக் கணக்கை எதில் எழுதினார், வேலைநிறுத்த மாதங்களில் பாக்கியை என்ன செய்தார் என்று கேளுங்கள். கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தால் அது நூறு பேட்டிகளுக்குச் சமம்.

ஊரும் அறையின் ஒரு பகுதியே. மணியார்டர் எந்த நாளில் போனது, நெல் நடவுக்கும் திருமணக் காலத்துக்கும் யார் ஊருக்குப் போனார்கள், அவர் போன இடத்தில் ஆலையில் யார் நின்றார் என்று கேட்டால், ஒரே கிராமத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் அறையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும் மட்டும் வைத்துக்கொண்டு முறைவைத்துத் தங்கிய கதைகள் வரும். அப்படிப்பட்ட அறைகளுக்குக் காகிதத் துண்டு முறையை ஷிப்டுவாரியாகச் செய்யுங்கள். ஒரே பாயில் இரண்டு பெயர்கள் வருவதைக் காண்பீர்கள்.

வேலையைப் பற்றிக் கேட்கும்போது

ஆலையில் வேலை பார்த்தார் என்று எழுதுவது போதாது. எந்தக் காத்தே, அதாவது எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும். பஞ்சு பிரிக்கும் பிரிவும் நூற்புப் பிரிவும் நெசவுப் பிரிவும் கூலியிலும் மதிப்பிலும் நோயிலும் வேறுபட்டவை. நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் அங்கே ஓடத்தின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், எச்சில் படும் என்று சொல்லித் தலித் தொழிலாளர்களை நெசவுக்குச் சேர்க்காமல் மற்ற நெசவாளர்கள் விலக்கி வைத்தார்கள். 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்த விலக்கலை வெளிப்படையாக எழுப்பினார். எனவே ஒரு குடும்பம் ஏன் தலைமுறையாக நூற்புப் பிரிவிலேயே இருந்தது என்பதற்கான விடை திறமையில் இருக்காது, சாதியில் இருக்கும். அதேபோல் எந்தச் சாள் யாருடையது, எந்த மாடியில் எந்த ஊர்க்காரர், எந்தச் சாதியார் என்பதையும் குறியுங்கள். 1974 ஜனவரியில் வொர்லி பி.டி.டி. சாள்களில் நடந்த சாதிக் கலவரத்தை அந்த வரைபடம் இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. சாள் வாழ்க்கையை ஒற்றுமையின் படமாக மட்டும் எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. பதிவுசெய்பவர் அதற்கு இடம்கொடுக்கக் கூடாது.

நிரந்தர ஆளா, பத்லியா என்பதும் கட்டாயக் கேள்வி. பத்லி என்பவர் வராதவருக்கு மாற்றாக வேலைக்குப் போகக் காத்திருப்பவர். அவர் தினமும் ஆலை வாசலில் நின்று, ஆள் தேவையில்லை என்று சொன்னால் அறைக்குத் திரும்பி வந்தார். அப்படித் திரும்பி வந்த நாளில், அவர் வேலைக்குப் போய்விடுவார் என்று எண்ணி ஒதுக்கிய இடத்தில் வேறு யாரோ படுத்திருப்பார். வேலை நேரத்தைச் சரிபார்க்கச் சட்டங்களின் ஆண்டுகள் உதவும்: 1922இல் நாளுக்கு 11 மணி நேரம், 1934இல் 10 மணி நேரம், 1948இல் நாளுக்கு 9 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் உச்சவரம்பாக வைக்கப்பட்டன. நினைவில் வரும் நேரம் சட்டத்தைத் தாண்டினால் நினைவு தவறு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆலை சட்டத்தை மீறியதா, போக வர ஆன நேரமும் சேர்ந்ததா என்று கேட்டுக் குறியுங்கள்.

டிரங்குப் பெட்டியில் உள்ள காகிதங்கள்

வாடகை ரசீது, ரேஷன் அட்டை, தொழிலாளர் காப்பீட்டு அட்டை, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, ஆலையின் பித்தளை டோக்கன், தொழிற்சங்கச் சந்தா ரசீது, அடகுச் சீட்டு ஆகியவை பெரும்பாலும் ஒரே பெட்டியில் இருக்கும். ஒவ்வொன்றையும் முன்பக்கமும் பின்பக்கமும் வீட்டாரின் கண்முன்னேயே படமெடுத்து, உடனே அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்; எதையும் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். வாடகைத் தொகை நெடுங்காலம் மாறாமல் இருந்தால் வியப்படைய வேண்டாம். 1947ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த அளவையே அடிப்படையாக வைத்து வாடகையைக் கட்டுப்படுத்தியது. அது குடியிருப்பவர்களைக் காத்தது, உரிமையாளர் பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. ரேஷன் அட்டையில் உள்ள பெயர்களையும் உங்கள் காகிதத் துண்டுகளில் உள்ள பெயர்களையும் ஒப்பிடுங்கள். அட்டையில் இல்லாமல் அறையில் இருந்தவர்களும், அட்டையில் இருந்தும் ஊரில் வாழ்ந்தவர்களும் அப்போது தெரியவருவார்கள்.

நூலகத்தில் பார்ப்பதற்கும் உண்டு. 1921இல் தொடங்கப்பட்ட பம்பாய்த் தொழிலாளர் அலுவலகம் அதே ஆண்டிலிருந்து மாத இதழ் வெளியிட்டது. கூலி, விலைவாசி, குடும்ப வரவுசெலவு விவரங்கள் அதில் உள்ளன. இந்தியத் தொழிலாளர்களின் நிலையை ஆராய 1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் 1931இல் அறிக்கை தந்தது. அதன் சாட்சியத் தொகுதிகளில் முதலாவது பம்பாய் மாகாணத்துக்குரியது. ஆனால் பேட்டிகளை முடித்துவிட்டே இவற்றைப் படியுங்கள். முன்பே படித்துவிட்டால், அறிக்கையில் இருப்பதை அவர்கள் வாயிலிருந்து வரவழைக்கும் கேள்விகளையே கேட்பீர்கள்.

1982க்குப் பிந்தைய அறை

தொழிற்சங்கத் தலைவர் டத்தா சாமந்த் தலைமையில் 1982இல் தொடங்கிய அந்த வேலைநிறுத்தம் முறையாக முடித்துவைக்கப்படவே இல்லை. இதைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் பேரணிகளையும் தலைவர்களையும் சொல்வார்கள். நீங்கள் அறைக்கே திரும்புங்கள். எந்தப் பாத்திரம் முதலில் விற்கப்பட்டது, யார் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள், யார் படிப்பை நிறுத்தினார், எந்தப் பெண் எந்த வேலைக்கு முதன்முதலில் வெளியே போனார் என்று கேட்டு, 1981க்கும் 1984க்கும் தனித்தனியே துண்டுகளை வைக்கச் சொல்லுங்கள். பகலில் காலியாக இருந்த இடத்தில் இப்போது ஓர் ஆண் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். அந்த மாற்றத்தை இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படாது. வேலை போன பிறகு நேர்ந்த குடிப்பழக்கம், அடிதடி, தற்கொலை போன்றவை வெளிவந்தால், ஒலிப்பதிவை நிறுத்திவிடலாமா என்று கேளுங்கள்.

திருப்பிக் கொடுத்தல்

படங்களை மையால் வரைந்து முடித்ததும், முதல் பிரதியை அந்த வீட்டு மூத்த பெண்ணிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். அவர் திருத்தும்போது அழித்து எழுதாமல் வேறு நிறத்தில் குறித்துவையுங்கள். பிள்ளைகளின் நினைவும் தாயின் நினைவும் மாறுபட்டால் இரண்டையும் பெயரோடு எழுதுங்கள். ஒலிப்பதிவை இரண்டு இடங்களில் சேமித்து, ஒவ்வொரு கோப்புக்கும் நாள், சாளின் பெயர், பேசியவரின் பிறந்த ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அவர் எதற்கு அனுமதி தந்தார் என்பதையும் உடன் எழுதிவையுங்கள். குடும்பத்துக்குரிய பிரதியை ஏ4 தாளிலேயே கொடுங்கள், புதிய வீட்டின் சுவரில் மாட்ட அந்த அளவு போதும். அதன் பின்பக்கத்தில் பழைய அறையின் எண்ணையும், மாடியையும், குடிவந்த ஆண்டையும், காலி செய்த நாளையும், காகிதத் துண்டுகளில் எழுதியிருந்த எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். துண்டுகளைத் தூக்கிப் போடாமல் ஓர் உறையில் இட்டு அதோடு சேர்த்துக் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் அவற்றை அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள்.